மணிக்கு மூச்சு வாங்குது

அன்று காலை என் கணவர் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி ஒரு பூடில் நாயின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லப்பிராணிகளுக்கான கிளினிக் ஒன்றில் நாய்களைக் குளிப்பாட்டி நகம் வெட்டுவது அவர் வேலை. முந்தின நாள் அந்தப் பூடிலுக்கு இதய ஸ்கேன் எடுத்தார்களாம்.

"ஜெல் சில்லுனு இருந்தா பயந்துடும்னு, வெந்நியில வச்சு சூடு பண்ணித் தடவினோம். பெரிய ஆஸ்பத்திரியில என் நெஞ்சு ஸ்கேனுக்குத் தேதி கேட்டா, மழைக்காலம் முடியட்டும்கிறாங்க. பேசாம ஒரு வாலை ஒட்டிக்கிட்டு அங்கயே படுத்துடலாம்னு இருக்கேன்."

"வால் எதுக்கு? நீங்க வள்ளுனு விழறதைப் பாத்தாலே சேத்துப்பாங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிகிற வழியாக இல்லை; வைத்துவிட்டேன். அவர் வேலைக்கு வரமாட்டார் என்றாவது சொல்லிவிடலாம் என்று கிளினிக்கை அழைத்தேன். அங்கே எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயரே எனக்கும் வாயில் வந்தது.

"மணிக்கு மூச்சு வாங்குது."

எடுத்தது அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண். "அச்சச்சோ. நாக்கு நீலமா இருக்காக்கா?"

"உதடு நீலமா இருக்கு."

"படுக்க வைக்காதீங்க. அவன் இஷ்டத்துக்கு உட்காரட்டும். உடனே கூட்டிட்டு வாங்க, வாசல்லயே ஆக்ஸிஜனோட நிக்கிறோம். எடை எவ்வளவு?"

"எழுபது கிலோ இருக்கும்."

"எழுபதா? என்ன பிரீட்க்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணி என்று கூப்பிட்டால் தெருவில் பாதி நாய்கள் திரும்பிப் பார்க்கும். மனுஷன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம் கேட்டது.

"நாட்டு நாய்தான்மா," என்றேன். "கொஞ்சம் பெருசு."

கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் கொண்டுபோனார். சொன்னபடியே கால்நடை டாக்டர் சிலிண்டரோடு வாசலில் நின்றார். கார்க் கதவைத் திறந்தவர், "மணியா" என்றார். உடனே சிலிண்டரைத் திறந்தார். நாய் மூக்குக்குச் செய்த முகமூடி என் கணவர் முகத்தில் உட்காரவில்லை. டாக்டர் குழாயைக் கையாலேயே மூக்கருகில் பிடித்துக்கொண்டார்.

"மனுஷங்களுக்கு ஊசி போட எனக்கு உரிமை இல்லம்மா. காத்துதான் குடுக்க முடியும்."

அந்தக் காற்றிலேயே உதட்டின் நிறம் கொஞ்சம் திரும்பியது. டாக்டரும் சிலிண்டரோடு காரில் ஏறிக்கொள்ள, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாசலில் காவலாளி மறித்தார். சிலிண்டரில் எலும்பைக் கவ்விய நாய்ப் படம் ஒட்டியிருந்தது.

"நாய் சிலிண்டரெல்லாம் உள்ள விட முடியாது சார்."

"காத்து ஒண்ணுதான்யா."

"வெளி சிலிண்டர் எதுவும் கூடாதுன்னு உத்தரவு சார். உள்ள எங்களுதே இருக்கு."

இருந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு காலியானதும் கூப்பிடுறோம், டோக்கன் வாங்கிட்டு உட்காருங்கம்மா," என்றார் நர்ஸ். அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மெதுவாக என் விரல்களை விலக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். வெளியே டாக்டர் காவலாளியிடம் கத்துவது கேட்டது.

என் கணவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். "என்னைய... என்னன்னு சொன்ன?"

"நாட்டு நாய்னு."

சிரிக்கப் பார்த்தார். "லாப்ரடார்னு... சொல்லியிருக்கலாம்ல."

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் தலை என் தோளில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்கள்.

போன வாரம் இறப்புச் சான்றிதழ் வாங்க அங்கே போயிருந்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. இப்போதும் ஆடுகிறது.