கண்ணாடி வீட்டுக்குப் போன வெந்நீர்

1
ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை குளியலறையில் பிறந்தது. பாதிக் குளியலில் வெந்நீர் நின்றுவிட்ட எரிச்சலில் முதல் வரி எழுதினேன்: "1962ஆம் ஆண்டு, கோலார் தங்க வயலின் சுரங்கங்களில்…"

சேச்சே, பரீட்சை விடை மாதிரி இருக்கிறது. பாப்பம்மாவிலிருந்து தொடங்குவோம்.

2
கோலாரில் மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பக்கம், அதிகாரிகள் கிளப் தோட்டத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு கண்ணாடி வீடு, உள்ளே மார்கழிக் குளிர் தாங்காத சீமைப் பூச்செடிகள். அந்தச் செல்லங்களுக்காக வாரம் ஒரு வண்டி விறகு எரிந்தது. அடுப்பை ஊதி ஊதிப் பாப்பம்மாவுக்குத் தீராத இருமல்.

சுரங்கத்தின் அடியில் பாறைச் சூட்டில் காய்ந்து, பம்பில் ஏறிவந்து வீணாக ஓடிய தண்ணீரில் ஒருநாள் கால் வைத்தாள்.

"அய்யய்யோ, இம்மாஞ் சூட்டையா சும்மா வுடறாங்க?"

மேஸ்திரி ஜெயகரனை நச்சரித்தாள். அவர் கண்ணாடி வீடுவரை கால்வாய் வெட்டிக்கொடுத்தார். "பூக் கண்காட்சி வரிக்கும் செடி பொழச்சா இனிமே வெறகே வேணாம். செத்துச்சுன்னா உன் வேல போச்சு, பாத்துக்க."

(குழாய் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

3
திறந்த கால்வாய், தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டிப் போயிற்று. வாசலில் ஓடும் வெந்நீரை யார் விடுவார்கள்? ஷிப்ட் முடிந்தவர்கள் குடம் குடமாக மொண்டு குளித்தார்கள். கம்பளிகூட அலசினார்கள். மூன்றாம் நாள் கண்ணாடி வீட்டை எட்டியது பச்சைத்தண்ணீர், அதுவும் நூலாக. இலைகள் துவண்டன. பாப்பம்மாவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம்.

4
கால்வாயை மூடத் தகரம் தூக்கிக்கொண்டு போனாள். முதல் வாசலில் சுந்தரி, மூன்று மாதக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! ஒங்க புண்ணியத்துல எங்களுக்கும் வெறகு மிச்சம். சூடு பட்டதும் எப்டித் தூங்கறான் பாருங்க. இன்னாக்கா கையில தகரம்?"

அதற்குப் பாப்பம்மா, [மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்]

5
மூடினால் பூ பூக்கும். லைனில் ஒருவரும் அவளோடு பேசமாட்டார்கள். மூடாவிட்டால் வேலை போகும். ஆனாலும் 'விறகுச் செலவு குறைந்தது' என்று ஜெயகரன் மேலிடத்துக்கு எழுதினால் அதில் பொய்யில்லை, லைன் வீடுகளில் குறைந்ததுதானே. பகலில் ஜனங்களுக்கு, இரவில் செடிகளுக்கு என்றும் ஒரு முடிவு எழுதினேன். பாப்பம்மா சிரித்துவிட்டாள்.

"மூணு ஷிப்ட்டு ஊருங்க இது. எந்நேரமும் எவனாச்சும் குளிச்சிக்கினுதான் இருப்பான்."

இதோ, எனக்கு வெந்நீர் வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குளிக்கப் போகிறேன். தகரம் கனம், அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் போய் ஒரு முனையைப் பிடியுங்கள். மூடுவதா, திருப்பி எடுத்துப் போவதா என்று அவள் உங்களைத்தான் கேட்பாள்.