ஒன்றரை அடித் தண்ணீர்

எங்கள் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போய்ப் பார்ப்பது. மற்றது, பாசன அலுவலகத்தைக் கேட்பது. போய்ப் பார்த்தால் அரை அடி இருக்கும். அலுவலகத்தைக் கேட்டால் ஒன்றரை அடி.

வாய்க்காலுக்குப் பொறுப்பான பொறியாளருக்கு என் கணவர் வைத்த பெயர் ஒண்ணரை. மழை கொட்டினாலும் அவர் பதிவேட்டில் ஒன்றரை, வெயில் கொளுத்தினாலும் ஒன்றரை. அணை மதகு பழுதாகி வாய்க்கால் வறண்டு கிடந்த வாரத்திலும் ஒன்றரைதான். அந்த வாரம் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலுக்குள் பந்து விளையாடினார்கள். பந்து நனையவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரிந்துகொண்டால் உண்மையிலேயே அழகான ஏற்பாடு. வாய்க்கால் என்பது ஒரு நீண்ட சரிவு. தண்ணீர் முதலில் சேரும் இடம் தலைமடை, கடைசியில் சேரும் இடம் கடைமடை. எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசியில் இருப்பவனுக்கு ஈரம்கூட மிஞ்சாது என்பதால் முறை வைத்திருக்கிறார்கள். கடைமடையின் முறை வரும்போது தலைமடை ஷட்டர்களை மூட வேண்டும். அவ்வளவுதான். கடைமடைக்காரன் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. மேலே மூடினால் கீழே தண்ணீர் ஒன்றரை அடிக்கு ஏறும்.

எங்கள் வயலுக்கும் பக்கத்து வயல்களுக்கும் பொதுவாக வாய்க்கால் கரையில் ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள். அதுதான் கடைசிக் குழாய். அதன் வாய், வாய்க்காலின் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. சேறு உள்ளே போகாமலிருக்க அந்த உயரம். ஒன்றரை அடித் தண்ணீர் வந்தால் கீழ் ஒரு அடி வாய்க்காலுக்கு, மேல் அரை அடி எங்களுக்கு. இதை வடிவமைத்தவர் புத்திசாலி. அவருடைய ஒரே பிழை, மேலே ஷட்டரை மூடுவார்கள் என்று நம்பியது.

மூடாவிட்டால் என்ன ஆகும்? அரை அடித் தண்ணீர் வரும். குழாயின் வாய்க்குக் கீழே சலசலவென்று ஓடி, வாய்க்காலின் முடிவில் இருக்கும் வடிகாலில் விழுந்து போய்விடும். வயலோ வாய்க்காலைவிடத் தாழ்வில் இருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதற்குப் படம் போட விரும்புகிறவர்கள் எங்கள் வரப்பில் வந்து உட்காரலாம்.

தலைமடையில் பெரிய ஷட்டர் இருப்பது என் கணவரின் அண்ணனுடைய நிலத்தை ஒட்டி. பாசன சங்கத்துக்கும் அவரே தலைவர். அவருடைய முறையில் அந்த ஷட்டர் வெண்ணெய் மாதிரி நகரும். எங்கள் முறை வந்ததும் துருப்பிடித்து இறுகிவிடும். திறந்த நிலையில் மட்டுமே இறுகும் துரு அது. ஒருமுறை நாங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்மூட்டை போட்டுத் தண்ணீரை ஏற்றிப் பார்த்தோம். அன்று சாயங்காலமே அவர் ஒண்ணரையைக் கூட்டி வந்து, நீரோட்டத்தைத் தடுப்பது குற்றம் என்று சொல்லி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்.

போன போகம் கதிர் வரும் நேரத்தில் காய்ந்தது. வைக்கோல்கூடத் தேறவில்லை. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசினார்.

"எதுக்குடா இந்த இழவெல்லாம்? நிலத்த எங்கிட்டயே குடுத்துடு. வெளியாளுக்கா குடுக்கறே?"

என் கணவர் காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். "இந்தப் போகமும் காஞ்சுதுன்னா எடுத்துக்கண்ணே" என்றார்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

அவர் மாற மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் பயம்.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை பார்த்தவள். அளவு போட்ட காகிதத்தின்மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. எங்கள் பக்கத்து வயல்காரர்கள் அதுவரை ‘கருணை கூர்ந்து’ என்று தொடங்கும் மனுக்களாக எழுதித் தள்ளியிருந்தார்கள். கருணை கேட்கும் மனுவுக்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வேறு மாதிரி. அதில் ஒரே ஒரு நுணுக்கம்தான்: ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. ஏன் தண்ணீர் வரவில்லை என்பதற்கு அலுவலகத்தில் காகிதம் கிடையாது. இல்லாத காகிதத்தை அவர்கள் தர வேண்டியதும் கிடையாது. இருக்கிற காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் இரண்டைக் கேட்டேன். தண்ணீரின் உயரம் காட்டும் கடைமடை அளவுகோலில் எடுத்த அளவுகளின் நகல் ஒன்று. கடைசிக் குழாயின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்று.

மனுவைக் கொடுக்கப் போனபோது ஒண்ணரை மேசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க வாய்க்காலின் வரைபடம். அணையும் தலைமடையும் தெளிவாகத் தெரிந்தன. கடைமடை இருக்கும் மூலையை ஓர் இரும்பு அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம் உங்களுக்கு?"

"எதுக்குன்னு எழுத இந்த மனுவுல இடமே இல்ல சார்."

"தண்ணி வேணும்னா தண்ணி கேளுங்க. பேப்பர் கேட்டா பேப்பர்தான் வரும்."

"பேப்பரே வரட்டும் சார்."

அவர் அடுத்த மேசைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா? அம்மா வயலுக்குப் பேப்பர் பாய்ச்சப் போறாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

இரண்டு பேப்பரும் வந்தன. அளவுகளின் நகலில் வரிசையாக ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். நடுநடுவே ஒன்றேகால் என்று போட்டிருந்தால் எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்திருக்கும். இதில் இன்னொரு விஷயம், கடைமடையில் அளவுகோலே இல்லை. எப்போதோ ஒரு டிராக்டர் இடித்துச் சாய்த்ததை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இல்லாத கோலில் அளவு பார்க்கிற கண் ஒண்ணரைக்கு மட்டும் வாய்த்திருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. காகிதம் மட்டுமல்ல, காகிதம் எதைப் பற்றியதோ அந்த இடத்தையும் அதிகாரியை வைத்துக்கொண்டு நேரில் பார்க்கலாம். எங்கள் முறை நடக்கும்போது கடைமடை அளவுகோலைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். அது ஒண்ணரையின் மேலதிகாரியிடம் போகும். காகிதத்தில் உள்ளதை உலகம் என்று நம்புகிற மனிதர் அவர். காகிதம்தான் சரியாக இருக்கிறதே, போய்க் காட்டிவிட்டு வந்தால் என்ன என்று நாள் குறித்துவிட்டார்.

வயலில் கதிர் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. எது முந்தும் என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்போம்.

பார்வையிட வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு வண்டி வந்து நின்றது. ஒண்ணரை, இரண்டு வேலையாட்கள், வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்கள் எழுதிய புத்தம்புது அளவுகோல். நானும் என் கணவரும் வரப்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். களை பிடுங்குகிறவர்களை அதிகாரிகளின் கண் பார்ப்பதில்லை.

அளவுகோல் நடுவதற்கு ஒரே ஒரு விதிதான். பூச்சியக் குறி வாய்க்காலின் தரையில் நிற்க வேண்டும். முதலில் அப்படித்தான் நட்டார்கள். தண்ணீர் அரை அடிக் குறியில் நின்றது. ஒண்ணரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தலைமடைப் பக்கம் பார்த்தார். அங்கே போய் ஷட்டரை மூட வைத்தால் தண்ணீர் ஒரு அடி ஏறும். ஆனால் சங்கத் தலைவரிடம் பேச வேண்டும். தண்ணீரை ஏற்றுவதைவிடக் கோலை இறக்குவது சுலபம் என்று அந்தப் படித்த மூளை கண்டுபிடித்தது.

"அடிங்க. இன்னும் இறக்குங்க."

ஒன்றரைக் குறி தண்ணீரைத் தொடும்வரை அடித்தார்கள். பூச்சியம் ஒரு அடி ஆழத்தில் சேற்றுக்குள் போய்விட்டது.

என் கணவர் மண்வெட்டியை எடுத்தார்.

"இருங்க" என்றேன்.

"அளவுகோலையே புதைக்கிறான் அந்தப் பாவி. நீ இருங்கன்றே."

"நல்லாப் புதைக்கட்டும். சிமென்ட் போடறாங்களான்னு மட்டும் பாருங்க."

"போடறாங்க."

"அப்பச் சரி. வாங்க வீட்டுக்கு."

வீட்டில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது: அளவுகோலில் ஒரு அடிக் குறிக்கு நேராக. தரையிலிருந்து ஒரு அடி என்று எழுதவில்லை. அளவுகோலில் ஒரு அடி. அவர் இரண்டு முறை படித்தார். அப்புறம் எழுந்து போய், அடுப்பில் கிடந்த பாத்திரத்தை எடுத்துத் தனக்குத்தானே சோறு போட்டுக்கொண்டார். பல நாட்களாக நான்தான் கெஞ்சிச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். பளபளக்கும் காலணி. சேற்றைத் தாண்டித் தாண்டி வந்து, கோலைப் படித்தார். சங்கத் தலைவர் என்ற முறையில் அண்ணனும் வந்திருந்தார்.

"ஒன்றரை அடி. ரெக்கார்டுல உள்ளபடியே இருக்கு. இன்னும் என்னம்மா குறை உங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்ல சார். கோல் சரியா இருக்கு, அளவு ஒன்றரைன்னு அறிக்கைல எழுதிட்டா நான் கையெழுத்துப் போடறேன்."

ஒண்ணரையின் முகத்தில் உயிர் வந்தது. அறிக்கையை அவரே எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் படிக்காமலே போட்டார், அடியில் இரண்டு கோடு இழுத்து.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்று வரைபடத்தை நீட்டினேன். "ஒன்றரை அடி தண்ணி நிக்குது. ஒரு அடில இருக்கிற குழாய்ல ஏன் ஒரு சொட்டுகூட வரல?"

மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். டேப் பிடிக்கச் சொன்னார். குழாயின் வாய் கோலில் இரண்டு அடிக்கு நேராக இருந்தது.

"ஒரு அடி உயரமா இருக்கே. யாரு ஏத்தினது?"

ஒண்ணரை வாயைத் திறந்தார். குழாய் நகரவில்லை, கோல்தான் நேற்று இறங்கியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அறிக்கை என்னாவது, அதற்கு முந்தைய ஒன்றரைகள் எல்லாம் என்னாவது? வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"விவசாயிங்கதான் சார்... ஏத்தி வெச்சிருப்பாங்க."

"ஆமா சார்" என்று அண்ணன் கைகொடுத்தார். "இவங்க எதுலயாவது கை வெச்சுக்கிட்டே இருப்பாங்க."

தன் வயலுக்குத் தண்ணீர் வராதபடி தன் குழாயையே எவனாவது தூக்கி வைப்பானா என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். மேலதிகாரி கேட்கவில்லை. வரைபடம் கையில் இருக்கும்போது அவர் எதற்கு யோசிக்க வேண்டும்?

"இதெல்லாம் தப்பும்மா. அரசாங்கக் குழாய்ல கை வைக்கக் கூடாது. யோவ், படத்துல இருக்கிறபடி இறக்கி வெச்சுட்டுத்தான் இங்கேர்ந்து கிளம்பணும்." அறிக்கையின் அடியிலேயே உத்தரவையும் எழுதினார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். என் கணவர் திரும்பி நின்று இருமினார்.

நேற்று வந்த அதே இரண்டு வேலையாட்கள்தான் கரையை உடைத்தார்கள். அவர்களில் ஒருவர் என் பக்கம் குனிந்து முணுமுணுத்தார்: "நேத்து கோல இறக்கினோம், இன்னைக்குக் குழாய இறக்கறோம். நாளைக்கு வாய்க்காலையே இறக்கச் சொன்னாலும் சொல்வாங்கக்கா."

கோலில் ஒரு அடி என்பது இப்போது வாய்க்காலின் தரை. குழாயைத் தரையோடு தரையாகப் பதித்தார்கள். அதன் வாய்க்கு மேல் சரியாக அரை அடித் தண்ணீர் நின்றது. அந்தப் பழைய வடிவமைப்பாளர் எங்களுக்கு என்று ஒதுக்கிய அதே அரை அடி. இனிமேல் சேறும் கூடவே வரும், அடிக்கடி வாரிப் போட வேண்டும். வாருவோம். முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக, தண்ணீர் வயலுக்குள் விழுந்தது. வெடிப்புகளில் இறங்கும்போது மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மேலதிகாரி திருப்தியாக வண்டிக்குப் போனார். ஒண்ணரை பின்தங்கி என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். நேத்து நான் இந்த வரப்புலதான் இருந்தேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே. எழுத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் ஷட்டரை மூடவில்லை, அண்ணனின் துருவும் இறங்கவில்லை. அடுத்த முறைக்கு அந்தத் துருவைப் பற்றிய பராமரிப்புக் காகிதங்களைக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். அது வேறு வேலை.

சாயங்காலம் அண்ணன் தனியாக வந்தார். அறிக்கையை அப்போதுதான் யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். வரப்பின் முனையில் நின்று, குழாய் சட்டப்படி செல்லாது, சங்கம் ஒப்புக்கொள்ளாது என்று ஆரம்பித்தார்.

"சங்கத் தலைவர் கையெழுத்து இருக்கே மாமா" என்றேன். "அடியில ரெண்டு கோடுகூட இருக்கு."

அவர் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "சரிடா. நிலத்தப் பத்திப் பேசினோமே, அது..."

என் கணவர் முழங்கால் சேற்றில் நின்று மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உள்ள வந்து பேசுண்ணே. செருப்ப மட்டும் கழட்டிட்டு வா, தண்ணி நிக்குது."