கம்பைநல்லூரில் நின்றுபோன சிரிப்பு

கம்பைநல்லூர் கல்யாண மண்டபத்தில் மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்குச் சொல்லப்பட்ட நகைச்சுவைகளுக்கு ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது பத்தொன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு. அந்த இடைவெளியில் ஊரில் தக்காளி விலை இரண்டு முறை இறங்கியது, ஒரு முறை ஏறியது.

நகைச்சுவை சொன்னவள் கோகிலவாணி. அதைப் படம் பிடித்தவன் அவளுடைய அண்ணன், பென்னாகரத்து நவநீதன். அவன் இயக்கிய நான்கு குடும்ப நகைச்சுவைப் படங்களில் மூன்று ஓகோவென்று ஓடியவை. எல்லாவற்றிலும் ஓயாமல் பேசும் ஓர் அம்மா இருப்பாள், கடைசியில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான்காவது படம் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. அதே சமயத்தில் சென்னையில் தங்கை தனியாக மைக் பிடித்து நடத்திய ஸ்டாண்ட்அப் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. அவளை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி எடுத்துத் தரும்படி ஓர் ஓடிடி நிறுவனம் நவநீதனிடமே கேட்டது. சின்ன ஊராக இருக்க வேண்டும், கூட்டம் நிஜமாகச் சிரிக்க வேண்டும், பொங்கலுக்குள் கைக்கு வர வேண்டும். கோகிலவாணி ஏழு வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. அண்ணனோடு அவள் சரியாகப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தும் தலையாட்டினாள்.

மண்டபத்தில் எதிரொலி இல்லை என்று ஒலிப்பதிவாளர் சுபியான் சொன்னதால்தான் நவநீதன் கம்பைநல்லூரைப் பிடித்தான். அது இறந்துபோன தன் அம்மா ராஜாமணி பிறந்த ஊர் என்பது அவனுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த பெண்ணின் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வந்தால், அதைத் தாய்மாமன் ஊரில் வைத்துத்தான் பேசித் தீர்ப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டான். சினிமாக்காரனுக்கு எது மறக்கும், எது மறக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கோகிலவாணி பேசியது முழுக்க அண்ணனைப் பற்றி. “எங்கம்மா போன்ல ‘சாமி, மூச்சு வாங்குதுடா’ன்னாங்க. எங்கண்ணன் ‘சூப்பரும்மா, அதே மாதிரி இன்னொருக்கா சொல்லு, எழுதிக்கிறேன்’னான்” என்றாள். சென்னையில் இதற்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகும். இங்கே ஒருவரும் அசையவில்லை. “அம்மா போன அன்னிக்கு அண்ணன் ஷூட்டிங்ல இருந்தான். பாடையில இருந்து அம்மா எழுந்து காபி கேக்குற சீன். அவன் வூடு வந்து சேர்றதுக்குள்ள நெஜப் பாடை போயிருச்சு. கொள்ளி வெச்சது நானு. கேட்டா டவர் இல்லையாம்” என்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகளும் மேடையை விட்டுவிட்டு, மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நவநீதன் பக்கம் திரும்பின.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையிலிருந்து தாய்மாமன் மாதையன் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். “புள்ள சொல்றத கேட்டுக்கிட்டோம். மாப்ள, நீ என்ன சொல்ற?”

“மாமா, இது காமெடிங்க” என்றான் நவநீதன்.

“அது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?”

அவன் குனிந்து மானிட்டரை அணைத்தான். ஊர்க்காரர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து கம்பைநல்லூரில் சிரிப்பு நின்றுபோனது. டீக்கடையில் கிண்டல் நடந்தது, எதிரில் இருந்தவர்கள் வழக்குக் கேட்பவர்கள் மாதிரித் தலையசைத்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகள் கிச்சுகிச்சு மூட்டினால் யோசனையாகப் பார்த்தன. மருத்துவர் ஒருவர் வந்து நாற்பது பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு எல்லோரும் நலம் என்று சொல்லிப் போனார். சென்னையில் சுபியான் வேறு கூட்டங்களின் சிரிப்பை எடுத்துக் கோகிலவாணியின் படத்தோடு ஒட்டிப் பார்த்தான். ஒட்டிய இடத்தில் அந்தச் சிரிப்புகளும் ஊமையாயின.

நவநீதனுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது. இருபது வருடமாகச் சிரிப்பைப் பிழைப்பாக வைத்திருந்தவன், அது இப்படி ஓரிடத்தில் முரண்டுபிடித்து நின்று பார்த்ததில்லை. திரும்பி வந்து ஊரில் தங்கினான். புளி மண்டி ஹசீனாவிடம் தன் படத்தின் பெயர்போன பந்திக் காட்சியைப் போனில் போட்டுக் காட்டினான். ஹசீனா கடைசிவரை பார்த்தாள். “நல்லாத்தானுங்க இருக்குது. மொதல்ல உங்க விசயம் முடியட்டும். சிரிப்பு எங்க போவப் போவுது?” என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு உள்ளேதான் இருந்தது, வழிதான் அடைத்திருந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பத்தொன்பதாம் நாள் அதே மண்டபம், அதே ஆட்கள், அதே நாற்காலிகள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் சுபியான் மைக்குகளைக் கழற்றாமலே வைத்திருந்தான். கோகிலவாணியும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். நவநீதன் நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய பதிலைப் பேசினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது.

“வசனம் நல்லாருக்குது மாப்ள” என்றார் மாதையன். “இப்ப நீ சொல்லு.”

நவநீதன் தாளை மடித்துப் பையில் வைத்தான். “டவர் இருந்துச்சுங்க மாமா. பாப்பாதான் போன் பண்ணுச்சு. பேரப் பாத்தேன். செட்டுல அத்தன பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, விட மனசு வரல. சைலண்ட்ல போட்டுட்டேன்.”

“எத்தன தடவ?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“பதினொன்னு.”

“பன்னெண்டு.”

“பன்னெண்டு” என்றான். “தப்புதான் பாப்பா. அம்மாவே போன் அடிச்சிருந்தாலும் அன்னிக்கு எடுத்திருக்க மாட்டேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதையன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது கோகிலவாணி மேடையேறியதும் சொன்ன முதல் நகைச்சுவைக்கான சிரிப்பு. அடுத்து இரண்டாவது வந்தது, பிறகு மூன்றாவது. அன்றைக்கு எந்த இடைவெளியில் சொன்னாளோ அதே இடைவெளியில், ஒன்றுகூடப் பிசகாமல், ஒரு மணி நேரம் மண்டபம் சிரித்தது. காபி கேட்ட பாடைக்கு மாதையன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், தன் தங்கச்சி ராஜாமணி பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுபியான் ஒன்றைக்கூட விடாமல் பதிவு செய்தான். படத்தோடு வைத்தபோது அது அப்படியே பொருந்தியது.

நிகழ்ச்சி பொங்கலுக்கு வெளியானது. இறுகிய முகங்களிலிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு வருவதைப் புதுப் பாணி என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். கோகிலவாணிக்கு மூன்று நகரங்களிலிருந்து அழைப்பு வந்தது. கம்பைநல்லூர்க்காரர்களும் பார்த்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எதிர்த்தரப்பைக் கேட்காமலே உடனுக்குடன் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

மண்டபமே சிரித்த அன்று கோகிலவாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதை நவநீதன் கவனித்திருந்தான். சித்திரையில் ஒகேனக்கல் சாலையில் அவனுடைய ஐந்தாவது படத்தின் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடு, அறுபது பேர், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்தான். கட் சொன்னான். எடுத்தான். மறுமுனையில் வணக்கமும் இல்லை, பேச்சும் இல்லை, தங்கையின் சிரிப்பு மட்டும் வந்தது. எந்த நகைச்சுவைக்கு என்று அவன் கேட்கவில்லை. அறுபது பேரும் நின்று காத்திருக்க, அது முடிகிறவரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.