எதை இறக்க மாட்டீங்க?

லைன் லீடர் வேலை எனக்கு மூன்று மாதச் சோதனைக்குத்தான் கிடைத்தது. பீளமேட்டில் போர்வெல் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் செய்யும் சின்னக் கம்பெனி. முதலாளி பாலுசாமி முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"பத்துப் பேரை நடத்தறது பொறப்புல வரோணும் யுவஸ்ரீ. படிச்சு வராது. பாப்போம்."

அவருடைய தங்கை மகன் தீபக் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தான். என் அப்பா சின்னான் அவர்கள் தோட்டத்தில் பண்ணை வேலை பார்த்தவர். பிறப்பு என்று பாலுசாமி எதைச் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எரிச்சலாக வந்தது. அந்த நாற்காலியை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

தினமும் காலையில் ஒவ்வொரு மேசையாகப் போய், "ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்பேன். "ஒன்னுமில்லீங்க" என்பார்கள் பத்துப் பேரும். நோட்டில் டிக் அடித்துவிட்டு, நன்றாகத்தான் நடத்துகிறேன் என்று நானே மெச்சிக்கொள்வேன்.

முதல் மாதக் கடைசியில் கிணத்துக்கடவிலிருந்து எட்டு மோட்டார்கள் திரும்பி வந்தன. உள்ளே தண்ணீர். தீபக் சிரித்தான். நான், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலை மாட்டும் பாவாத்தாள் அக்காவிடம் ஓடினேன்.

"புது சீல் லூசுதான் கண்ணு. மாட்டறப்பவே கைக்குத் தெரிஞ்சுது."

"தினமும் கேட்டனுங்களே அக்கா?"

"சிரிச்ச மொகமா வந்து கேக்கற. காலங்காத்தால உம்மனசை எதுக்கு நோவடிக்கறதுன்னு ஒன்னுமில்லைன்னு சொல்லிப்போட்டேன்."

கோபம் முதலில் அக்கா மேல் வந்தது, பிறகு என் மேலேயே திரும்பியது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "நல்லாருக்கேனுங்க" என்று சொல்கிற ஊர் எங்களுடையது. நானும் அப்படித்தான். எங்களிடம் போய்ப் பிரச்சனையா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? வேலையையே விட்டுவிடலாமா என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். பிறகு கேள்வியை மாற்றினேன்.

மறுநாள் முடிந்த மோட்டார்களை வரிசையாக வைத்து எல்லோரையும் கூப்பிட்டேன். "இதுல எதை உங்க அம்மா ஊட்டு போர்ல எறக்க மாட்டீங்க?"

பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நகரவில்லை. கடைசியில் பாவாத்தாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டாவதைத் தொட்டார். செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரான்சிஸ் ஓரத்தில் இருந்ததைக் காட்டினார். பிரித்துப் பார்த்தோம். இரண்டிலும் கோளாறு.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். லோடு தாமதமாகிறது என்று தீபக் மாமாவிடம் போய் வத்தி வைத்தான். வைக்கட்டும் என்று விட்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு மோட்டார்கூடத் திரும்பி வரவில்லை.

கடைசி நாள் பாலுசாமி கூப்பிட்டார். தீபக்கும் அங்கே நின்றிருந்தான்.

"உன்னைய நிரந்தரம் பண்ணியாச்சு அம்மணி. நாந்தான் சொன்னனே, உனக்கு இது பொறப்புலயே இருந்திருக்குது."

கடிதம் கைக்கு வந்துவிட்டது. "ஆமாங்க" என்று சொல்லத்தான் வாய் வந்தது. பழக்கம் அப்படி.

"இல்லீங்க. எட்டு மோட்டார் திரும்பி வந்தப்புறந்தான் கத்துக்கிட்டேனுங்க. தீபக்கை நாளைக்கு எட்டு மணிக்கு பாவாத்தாக்கா மேசைக்கு வரச் சொல்லுங்க. அவருக்கும் சொல்லித்தாரேன்."