மனேஜர் அண்ணை தெளித்த தண்ணீர்

ஜெர்மன் பேசும் குளிர்நாடு ஒன்றில், ஷ்லீரன் என்ற ஊரில், அந்த மூன்று மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஏழு தமிழர்கள் இருந்தார்கள். ஆறு பேருக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். ஏழாமவரான தில்லைநாதனுக்குச் சைக்கிள் ஓடுவதைப் பற்றிப் பேசத் தெரியும்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்க மனேஜர். கலவரத்துக்குப் பிறகு சங்கம் போயிற்று, ஊர் போயிற்று. அகதியாக வந்த இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கழிப்பறைகளைத் துடைக்கிற வேலை கிடைத்தது. ஆனாலும் அந்தக் குரல் மட்டும் போகவில்லை. வாளியும் துடைப்பமுமாக நடக்கும்போதுகூட ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போகிறவரின் நடைதான். வீட்டில் எல்லோருக்கும் அவர் மனேஜர் அண்ணை. மற்றவர்களைவிட ஒரு குளிர்காலம் முந்தி வந்திறங்கியவர் என்பதால், பனி விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குசினியில் கூட்டி வைத்து உரையாற்றினார்.

“அன்பார்ந்த சகோதரர்களே, துவிச்சக்கரவண்டி என்பது…”

“சைக்கிளெண்டு சொல்லுங்கோ அண்ணை. கறி அடிப்பிடிக்குது,” என்றான் அடுப்படியில் நின்ற தவராஜா.

“குறுக்கை கதைக்காதை. ஐஸிலை சைக்கிள் ஓடுறது ஒரு கலை. டயருக்குக் காத்துக் கொஞ்சம் குறைச்சு விடவேணும். கல்லு மாதிரி இருந்தால் வழுக்கும். சீற்றைப் பதிச்சு வைக்கவேணும், ரெண்டு காலும் நிலத்திலை ஊண்டக்கூடியதா. வளைவுக்கு முதலே வேகத்தைக் குறைக்கவேணும், வளைவிலை சாயப்படாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டியோ, முடிஞ்சுது.”

சொன்னது அத்தனையும் சரி. நகரசபை வாசலில் சும்மா கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் படம் பார்த்துப் படித்தது. ஜெர்மன் எழுத்துகள் பிடிபடாவிட்டாலும், முன் பிரேக் பிடித்தவன் தலைகுப்புறக் கிடக்கிற படம் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும்.

“அப்ப நீங்கள் ஏனண்ணை ரெயினிலை போறியள்?” என்றான் தவராஜா.

“பயிற்சியாளர் எண்டால் மைதானத்துக்கு வெளியிலைதான்ராப்பா நிப்பார்.”

எல்லோரும் சிரித்தார்கள். குகதாசன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இது சிரிப்பு விஷயமில்லை. பக்கத்து ஊரான டீட்டிக்கோனில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கு வேலை. முதல் பஸ் புறப்படுவதற்கு முன்னமே அங்கே அடுப்பு எரிய வேண்டும். சைக்கிள் இல்லையென்றால் வேலை இல்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவனை நம்பி இன்னொரு முதலாளி கதவு திறப்பான் என்பதற்கும் உறுதியில்லை. அன்றைக்கே அவன் டயரில் காற்று இறக்கினான், சீற்றைப் பதித்தான். வாசலுக்கு முன்னால் முன் பிரேக்கைத் தொடாமல் நிறுத்திப் பழகினான். யன்னலால் அதைப் பார்த்த மனேஜருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சங்கத்தில் இருபது வருடம் சொன்னதை ஒரு அங்கத்தவனும் இப்படிக் கேட்டதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டுத் தைப்பொங்கல் வந்தது. அந்த வருடக் குளிர் மூக்குத் துவாரத்துக்குள்ளேயே உறைகிற குளிர். மனேஜர் விடிய வெகு முன்பே எழும்பி, எல்லோருக்கும் ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்கத் தீர்மானித்தார். ஏழு தமிழர் வாழும் வீட்டில் பொங்கலன்று முற்றம் துப்புரவாக்காமல் இருப்பதா?

முற்றம் என்று அங்கே இருந்தது, முன்கதவிலிருந்து தெருவுக்குச் சரிந்து இறங்கும் கல்பாவிய நடைபாதை. குடியிருப்போர் எல்லோருக்கும் பொது. வீட்டைப் பராமரிக்கிற கிழவர் பெனிங்கர், ஆட்கள் வழுக்கக்கூடாதென்று முதல்நாள் மாலை அதன்மேல் சிறுகல் தூவி விட்டிருந்தார். நல்லநாளும் அதுவுமாக வாசலில் கல்லும் மண்ணும் கிடப்பதை மனேஜரால் பொறுக்க முடியவில்லை. கூட்டி அள்ளி ஓரத்தில் குவித்தார். அடுத்தது சாணித் தண்ணீர். மாட்டுக்குப் பஞ்சமில்லாத நாடுதான். ஆனால் சாணியைப் பையில் போட்டுக்கொண்டு ரெயினில் வருவது ஒரு முன்னாள் மனேஜருக்கு அழகில்லை என்று அதை விட்டிருந்தார். ஆகவே மஞ்சள். ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து, கையால் அள்ளி அள்ளி, ஐயர் தீர்த்தம் தெளிப்பதுபோல் தெளித்தார். விரல் விறைத்துப்போனது. மீதித் தண்ணீரை உள்ளே சுமந்துகொண்டு போவானேன் என்று ஒரேயடியாக ஊற்றினார். வாளியைக் கதவடியில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனார்.

பால் பொங்குவதற்குள் வெளியே ஒரு சத்தம். தகரம் விழுந்த மாதிரி ஒன்று, அதற்குப் பிறகு மனிதன் விழுந்த மாதிரி ஒன்று. கடைசியில் சைக்கிள் மணி தானாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

மனேஜருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசல் விளக்கின் கீழே நடைபாதை முழுவதும் மஞ்சள் கண்ணாடி பதித்ததுபோல் மின்னியது. அதன் நடுவே குகதாசன், ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அப்போது அவர் செய்ததைத்தான் பிறகு எத்தனை நாளைக்கு நினைத்தும் அவரால் வேறுமாதிரி ஆக்க முடியவில்லை. முதலில் அவருடைய கால், வாளியைக் கதவுக்குப் பின்னால் தள்ளியது. அதற்குப் பிறகுதான் கை, குகதாசனைத் தூக்கியது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

விடிந்ததும் பெனிங்கர் வந்து மஞ்சள் ஐஸைக் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். நிமிர்ந்து மேல்மாடி யன்னலைப் பார்த்தார். அங்கே எக்லி அம்மையாரும் அவருடைய குட்டைக்கால் நாயும் வசித்தார்கள். அதன்பின் மாடிப்படியில் கேட்ட சத்தம் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கியது.

“அவ்வளவையும் ஒரு நாய் தனியப் பெய்ததோ!” என்று வாயைப் பிளந்தான் தவராஜா. “அண்ணை, அது நாயோ, பசுமாடோ?”

மனேஜர் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய வாழ்க்கையிலேயே புதிது.

நாயின்மேல் பழி விழுந்ததோடு நின்றிருந்தால் அவர் எப்படியோ நித்திரை கொண்டிருப்பார். ஆனால் குகதாசன் பழியை நாய்க்கு முழுதாக விட்டுக் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு தவராஜா வேடிக்கையாக, “அண்ணை, விபத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு?” என்று கேட்க, அவன் எழுந்து நின்றான்.

“அண்ணை முதலே படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான்தான் பயத்திலை முன் பிரேக்கைப் பிடிச்சிட்டன் போலை. என்ரை பிழை.”

எல்லோரும் மனேஜரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். யாரோ அவர் கையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அதை அவர் குடித்தார். சீனி போட மறந்திருந்தார்கள். அதையும் தண்டனை என்று எடுத்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதன்பிறகு அவர் குகதாசனுக்கு உடுப்புத் தோய்த்தார். சோறு பிசைந்து வைத்தார். சப்பாத்துக் கயிறு கட்டினார். ஒரு மனேஜர் இன்னொருவனுடைய காலடியில் குந்தியிருப்பதைப் பார்த்து வீடே உருகிப்போனது. “மனேஜர் அண்ணைக்கு என்ன மனசு!” என்றார்கள். “நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் அண்ணை,” என்றான் குகதாசன். ‘நானில்லாவிட்டால் நீ ரெண்டு கையாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்’ என்ற வசனம் தொண்டைவரை வரும். கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு எழும்புவார்.

மாசி பாதியில் குகதாசன் ஒரு உதவி கேட்டான்.

“அண்ணை, எங்கடை சமையல்காரச் செஃபுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துச் சொல்லவேணும். உங்களுக்குத்தான் ஜெர்மன் வரும்.”

“என்ன சொல்ல?”

“நான் இனி வரேல்லையெண்டு. எனக்கெண்டு இடத்தை வைச்சுக்கொண்டிருக்கிறார், பாவம். வேறை ஆளை எடுக்கட்டும். எனக்கு இனிச் சைக்கிள் சரிவராது அண்ணை. நீங்கள் சொன்னது எல்லாம் செய்தும் விழுந்திட்டனெண்டால் பிழை எனக்குள்ளைதான் இருக்கு. ஹாண்டிலைப் பார்க்கவே கை நடுங்குது.”

ஸ்டேசனடித் தொலைபேசிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மூச்சில் கண்ணாடி மங்கியது. மனேஜர் காசைப் போட்டு இலக்கங்களைச் சுற்றினார். மறுமுனையில் பாத்திரச் சத்தமும், அதற்கு மேலாக “ஹலோ?” என்று ஒரு பெரிய குரலும் கேட்டன.

மனேஜர் வாயைத் திறந்தார். மூடினார். உள்ளங்கையால் ரிசீவரைப் பொத்தினார்.

“குகதாசன்… குறித்த சம்பவம் தொடர்பாகச் சில விடயங்களை நாங்கள் மீளாய்வு செய்யவேண்டிய ஒரு சூழ்நிலை…”

“அண்ணை, காசு விழுகுது.”

“நிர்வாக ரீதியாகப் பார்த்தால், பொறுப்பு எண்டது…”

“அண்ணை, அந்தாள் ஹலோ ஹலோ எண்டுது!”

“தண்ணி ஊத்தினது நான்.”

“எந்தத் தண்ணி?”

“மஞ்சள் தண்ணி. முற்றம் தெளிச்சனான், பொங்கலுக்கு. கல்லையும் கூட்டி அள்ளிப்போட்டன். நாயில்லை. நீ பிரேக் பிடிச்சிருந்தாலும் ஒண்டுதான், பிடிக்காட்டியும் ஒண்டுதான். அதிலை எவனும் நிண்டிருக்கமாட்டான்.”

குகதாசன் அவரைப் பார்த்தான். முகத்தில் எதுவும் அசையவில்லை.

“ஒரு வாளி இழுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது,” என்றான் மெதுவாக. “வழிக்கு இடைஞ்சலாக்கும், கெதியா வரத்தான் தள்ளுறியள் எண்டு நினைச்சன்.”

மனேஜர் மங்கிய கண்ணாடியை மற்றக் கையால் துடைத்தார்.

“ஏனண்ணை அண்டைக்கே சொல்லேல்லை?”

இதற்கு அவரிடம் பல பதில்கள் தயாராக இருந்தன. இரவிரவாகத் திருத்தி எழுதி மனப்பாடம் பண்ணியவை. ‘ஒற்றுமை’ என்ற சொல் ஒன்றில் இருந்தது. ‘வீட்டின் நற்பெயர்’ மற்றதில்.

“வெக்கமாய் இருந்தது,” என்றார்.

“எனக்கு ஒரு மாதமா வெக்கமாய் இருந்தது, அண்ணை.”

சுகமான கையை நீட்டி, குகதாசன் ரிசீவரை அவரிடமிருந்து வாங்கினான். மார்ச்சில் வருகிறேன் என்று சொல்ல, தனக்குத் தெரிந்த அத்தனை ஜெர்மனையும் ஒன்றாகத் திரட்டினான். “இஹ் கொம. மார்ச். இஹ் கொம, செஃப்.” மறுமுனைக் குரல் மகிழ்ச்சியாக ஏதோ கத்தியது. அவன் ரிசீவரைக் கொளுவிவிட்டு, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சப்பாத்துக் கயிறு ஒன்று அவிழ்ந்து இழுபட்டது.

குகதாசன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ‘துவிச்சக்கரவண்டிப் பேராசிரியர்’ என்று தவராஜா ஒரு வருடத்துக்குக் கேலி பண்ணுவான், அவ்வளவுதானே. இது அப்படியில்லை. மேசையில் உப்பு வேண்டுமானால் குகதாசன் அவரிடம் கேட்காமல் எழுந்து போய்த் தானே எடுத்தான்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு, நாயின் பேரையாவது மீட்டுக் கொடுப்போம் என்று மனேஜர் பெனிங்கரிடம் போனார். பொங்கல், சூரியன், மஞ்சள், மங்களம் எல்லாவற்றையும் ஜெர்மனில் விளக்க முனைந்தார். கைவசம் இருந்த சொற்கள் நாலைந்துதான். பண்டிகை. காலை. மஞ்சள் தண்ணீர். நாய் இல்லை. நான்.

பெனிங்கர் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். வாளியளவு தண்ணீரை ஒரு மனிதன் உடம்பில் எங்கே வைத்திருந்தான் என்று யோசிப்பது போலிருந்தது அந்தப் பார்வை. கிழவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பது மனேஜருக்கு அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. காதுவரை சுட்டது. திருத்திச் சொல்ல வாயெடுத்தார். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பெனிங்கர் மேலே ஏறிப்போய் எக்லி அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து மேலே இருந்த இரண்டு மாடிக்காரரும் மனேஜரைக் கண்டால் படியில் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊரில் இருபது வருடம் அவர் எதிர்பார்த்த மரியாதை, ஏறக்குறைய அதே வடிவத்தில்.

கட்டு அவிழ்த்த பிறகு, மார்ச் முதல் வேலைநாள். விடியவில்லை. இரவு ஈரம் பட்டு வழியெல்லாம் மெல்லிய ஐஸ். குகதாசன் சைக்கிளை நடைக்கூடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தபோது, மனேஜர் கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். கையில் டோர்ச்.

“நான் முன்னாலை போறன்,” என்றார். “வழுக்கிற இடம் எண்டால் முதலிலை நான் விழுறன்.”

மனேஜர் நடைபாதையில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து, கோழி கிண்டுவதுபோல் தெருவரை போனார். தெருவிலும் சிறிது தூரம் நடந்தார். பின்னால் சைக்கிள் உருளும் சத்தம் மட்டும் வந்தது. தெருவிளக்கடியில் அது நின்றது. திரும்பிப் பார்த்தார். குகதாசன் சீற்றில் ஏறி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு இருந்தான். பிரேக்கின்மேல் இருந்த விரல்கள் நடுங்கின. குளிரா, வேறெதுவுமா என்று கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று மனேஜருக்குத் தெரியும்.

“விலகி நில்லுங்கோ அண்ணை,” என்றான். “நீங்கள் முன்னுக்கு நிண்டால் எனக்குப் பாதை தெரியேல்லை.”

மனேஜர் அவசரமாக ஓரத்துப் பனிக்குவியலுக்குள் ஏறி நின்றார். முழங்கால்வரை புதைந்தது. சப்பாத்துக்குள் ஈரம் இறங்கியது. சைக்கிள் அவரைத் தாண்டி, மெதுவாக, சாயாமல், லிம்மாற் ஆற்றுப் பக்கம் திரும்பியது. பின்விளக்கு மறைந்த பிறகும், எங்காவது மணி ஒன்று தானாக அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.