கோளாறு எதுவும் இல்லை

1988இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், தையல் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கனகேஸ்வரி கணினியாக வேலை பார்த்தாள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அவள் செய்தது அதைத்தான்.

ஷா ஆலத்தில் மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்காக, கோளாறு கண்டுபிடிக்க உதவும் அறிவுள்ள கணினி ஒன்றை உருவாக்க அந்தக் கூடம் முயன்றுகொண்டிருந்தது. கணினி இன்னும் உருவாகவில்லை. அப்படி ஒன்று வந்தால் அங்குள்ள பெண்கள் அதனிடம் எப்படிப் பேசுவார்கள், அது சொல்வதை எவ்வளவு நம்புவார்கள் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார் தலைவர் விநாயகமூர்த்தி. அதனால் ஓர் அறையில் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி மைக்ரோஸ்கோப்பில் பலகையைப் பார்த்து, கண்டதை மலாயும் ஆங்கிலமும் கலந்து கணினியில் தட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் கனகேஸ்வரி, கணினியே பேசுவதுபோலப் பதில் தட்டுவாள். வந்தவர்களுக்கு இது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லிவிடலாம் என்பது ஏற்பாடு.

ஆரம்பத்தில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருத்தி கணினியைத் திட்டினாள். இன்னொருத்தி சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆனால் போகப் போக அவளுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. யாரோ மனம் விட்டுப் பேசுவதைக் கதவிடுக்கில் நின்று கேட்பது போலிருந்தது.

கிள்ளானிலிருந்து சந்திரகலா வந்தது அப்போதுதான். நாற்பதை நெருங்கியவள், பல வருடங்களாக மைக்ரோஸ்கோப்பில் பலகை சோதிப்பவள். அன்று அவள் தட்டிய விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கோடு அறுந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று கனகேஸ்வரி திரும்பக் கேட்டாள்.  பிறகு எழுத்துகள் மெல்ல வந்தன. தனக்குச் சரியாகத் தெரியவில்லை, வலது கண்ணில் கறுப்பு நூல் போல ஏதோ ஓடுகிறது, சில நேரம் மின்னுகிறது, வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை, நீ மெஷின்தானே, நீ சொல்லமாட்டாய், என் கண்ணுக்கு ஏதாவது இருக்குமா?

 உடனே டாக்டரைப் பாருங்கள் என்று கனகேஸ்வரி தட்டத் தொடங்கினாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த விநாயகமூர்த்தி அவளைத் தடுத்தார்.

“கனகேஸ், நீ இப்ப ஆள் இல்ல, மெஷின். மெஷினுக்குக் கண்ணப் பத்தி என்ன தெரியும்? பலகைக்கு மட்டும் பதில் போடு.”

அந்தப் பலகை நல்ல பலகை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அவள் தட்டியதை அழித்துவிட்டு, வழக்கமான வரியைப் போட்டாள். கோளாறு எதுவும் இல்லை, தொடரலாம்.

வெளியே வந்த சந்திரகலாவின் முகம் தெளிந்திருந்தது. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் பெண்ணாகத்தான் கனகேஸ்வரியை அவளுக்குத் தெரியும்.

“நல்ல மெஷின் லா, மிஸ். ரொம்ப நாளா ஒண்ணு நெனச்சுப் பயந்துகிட்டு இருந்தேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சு.”

கனகேஸ்வரிக்கு விஷயம் உறைப்பதற்குள் தொழிற்சாலை வேன் போய்விட்டது. அவள் விநாயகமூர்த்தியிடம் ஓடினாள்.  இதுவரை கிடைத்ததிலேயே முக்கியமான விஷயம், அவள் மெஷினை இந்த அளவுக்கு நம்பியதுதான் என்றார் அவர். ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் நாளைக்கே தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடும், வெள்ளிக்கிழமை சோதனை முடிந்ததும் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். அவள் சரி என்றாள்.

இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை வந்த பெண்ணுக்கு அவள் தட்டிய பதில்கள் எழுத்துப்பிழைகளாக வந்தன. மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிள்ளான் பஸ் ஏறினாள்.

காலை ஷிப்ட் முடிந்தவர்களைத் தொழிற்சாலை பஸ் இறக்கிவிடும் இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே காத்திருந்தாள். சந்திரகலா இறங்கியதும் வழியை மறித்தாள்.

“அக்கா, அந்த மெஷின் நான்தான்.”

சந்திரகலா முதலில் சிரித்தாள். சுவரையும் கேபிளையும் விளக்கிச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போயிற்று.

“அப்ப கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னது?”

“கண்ணச் சொல்லல, அக்கா. பலகையச் சொன்னேன். கண்ணப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல மிஸ், நான். மெஷின்னு நெனச்சுத்தான் சொன்னேன்.”

திட்டுவதானால் பிறகு திட்டுங்கள், இப்போது ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கனகேஸ்வரி கெஞ்சினாள். சந்திரகலா பதில் சொல்லாமல் நடந்தாள். கனகேஸ்வரி விடவில்லை, சாலையைக் கடந்து, பாசார் சந்தையைத் தாண்டிப் பின்னாலேயே போனாள். ஒரு கடை நிழலில் சந்திரகலா நின்றாள். காலையிலிருந்து வலது ஓரத்தில் திரை இறங்கினது போல இருக்கிறது என்றாள். மெஷின் ஒன்றுமில்லை என்றதால்தான் அதோடேயே ஷிப்டை முடித்தாளாம்.

கிள்ளானில் பார்த்த டாக்டர் உடனே கோலாலம்பூருக்கு அனுப்பினார். விழித்திரை கிழிந்து விலகத் தொடங்கியிருந்தது. அறுவை செய்து நடுப்பார்வையைக் காப்பாற்றினார்கள். ஓரத்தில் போனது போனதுதான்.

கட்டோடு படுத்திருந்தவளைப் பார்க்கக் கனகேஸ்வரி போனாள். சந்திரகலாவின் கோபம் குறையவில்லை. ஆனாலும் கனகேஸ்வரி கிளம்பும்போது ஒன்று கேட்டாள்.

“நெசமாவே மெஷினா இருந்திருந்தா, பஸ் ஏறி வந்திருக்குமா?”



வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் கனகேஸ்வரி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். ஆனால் விநாயகமூர்த்தி சோதனையை நிறுத்தியிருந்தார். தானே ஷா ஆலத்துக்குப் போய், கேன்டீனில் எல்லாப் பெண்களிடமும் உண்மையைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட பெண் மட்டும், அதைப் படித்து நீங்கள் சிரித்தீர்களா என்று கேட்டாள். அவர் தலை குனிந்தார். சந்திரகலாவைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள், வேலை போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து உண்மையான கணினி நிரல் தயாரானது; அதைச் சோதிக்கப் பெண்கள் மறுபடி கூடத்துக்கு வந்தார்கள். முதல் திரையில் கனகேஸ்வரி பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தாள்: நான் பலகையைப் பற்றி மட்டுமே பேசுவேன். பெண்கள் அதைப் படித்துவிட்டு, முட்டிவலியைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் அதனிடம் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் தட்டவில்லை. கனகேஸ்வரி அங்கே உட்கார்ந்து, அவர்கள் தட்டுவதையும் கணினியின் பதிலையும் தன் திரையில் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஒருத்தி, மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று தட்டினாள். அடுத்த பலகையை வைக்கவும் என்றது கணினி.

கனகேஸ்வரி எழுந்து, கதவைக்கூடத் தட்டாமல் அந்தப் பெண் இருந்த அறைக்குள் போனாள்.