இருமி வாங்கிய வீடு

முடிதிருத்தும் கடைக்காரருக்கு வாய் ஓய்ந்தால் தொழில் ஓடாது. வழுக்கை விழத் தொடங்கிய தலையைப் பார்த்தால்கூட, "நெத்தி நல்லா எடுப்பா இருக்கு சார்" என்பார். மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை, பார்ப்பதெல்லாம் அவருக்கு நிஜமாகவே பிடித்துவிடும். அந்த வாய்தான் இரண்டு வீடுகளைக் கோட்டை விட்டது. முதல் வீட்டில், "இதுல குடியிருக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று வாசலிலேயே உருகினார். உள்ளே நுழைவதற்குள் விலை ஏறிவிட்டது. இரண்டாவது வீட்டுக்காரரோ இவர் புகழ்ந்த புகழ்ச்சியில் மயங்கி, விற்கிற எண்ணத்தையே விட்டுவிட்டார்.

தரகர் வேண்டாம் என்பது மனைவியின் முடிவு. தையல்காரி. துணியை மட்டுமல்ல, ஆளையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள்.

"நடுவுல ஒருத்தர் எதுக்கு? பார்க்க நமக்குக் கண்ணு இருக்கு, பேச எனக்கு வாய் இருக்கு. உங்க வாய்தான் கூடாது. குறை ஏதாவது கண்ணுல பட்டா ஒரு தடவை இருமுங்க. மத்தபடி மூச்!"

அவர் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? இப்போதிருக்கும் வாடகை வீட்டில் அவளுடைய தையல் மெஷின் குளியலறைக்கு வெளியே, குறுகலான நடையில் கிடக்கிறது. பட்டப்பகலிலும் பல்பு வெளிச்சம்தான். போன மாதம் ஊசி விரலிலேயே ஏறிவிட்டது. "எனக்கு ஒரு ஜன்னல் போதுங்க" என்று அன்றைக்கு அவள் சொன்னது அவர் மனசில் தைத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வீட்டின் கேட்டில் ஒரு பலகை தொங்கியது. 'வீடு விற்பனைக்கு. தரகர்கள் மன்னிக்கவும்.' வீட்டுக்காரர் கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருக்கப் போகிறாராம். விறைப்பாக நின்று வரவேற்றார்.

கூடத்துக்குள் காலை வைத்ததும் கடைக்காரருக்குக் குளுகுளுவென்று இருந்தது. 'அடேயப்பா!' என்று தொண்டை வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கினார். அது பாதியில் சிக்கி இருமலாக வெளியே வந்தது.

நடுவர் நின்றுவிட்டார். "சுவத்து ஈரத்தைப் பார்த்துட்டீங்களா?" என்று அலமாரியை அவரே நகர்த்தி, பின்னால் உப்புப் பூத்துக் கிடந்த சுவரைக் காட்டினார். மனைவி, கணவனைப் பெருமையாகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததில்லை.

சமையலறை மேடை அவள் உயரத்துக்கென்றே கட்டினாற்போல் இருந்தது. மறுபடி இருமல்.

"ஆமாங்க, அந்தக் குழாய் ஒழுகும். துணி சுத்தி வச்சிருக்கேன்" என்றார் நடுவர், கூனிக் குறுகி.

மாடிப்படியின் வளைவைப் பார்த்து இருமியதும், கைப்பிடி ஆடுகிறது என்று நடுவர் ஒப்புக்கொண்டார். மனைவி 'போதும்' என்று கண்ணைக் காட்டினாள். கடைக்காரர் என்ன செய்வார், பாவம். சந்தோஷம் அவர் கட்டுப்பாட்டிலா இருக்கிறது?

கடைசியாகப் பின்பக்க அறை. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ஜன்னல். தரையெல்லாம் வெளிச்சம். கடைக்காரருக்குக் கண் கலங்கி, மூச்சு முட்டி, இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

நடுவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இந்த ரூம்ல குறை இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. இவ்வளவு கோளாறை மறைச்சு உங்க தலையில கட்டப் பார்த்தேனே! ஒரு ஆட்டத்துலகூட தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் இருந்ததில்ல. வேண்டாங்க, இந்த வீட்டை விக்கல. பலகையைக் கழட்டிடறேன்."

எழுந்தே விட்டார். மனைவிக்கு முகம் வெளுத்துப்போனது.

"என்னங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

"சொல்லலாமா?"

"சொல்லித் தொலைங்க!"

மடை திறந்துவிட்டது. "குறையா? யார் சார் சொன்னது? கூடத்துல நின்னா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனும் எழுந்து உட்கார்ந்துடுவான். அந்த ஈரத்தை நானா பார்த்தேன்? புகழக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு, வந்ததெல்லாம் தொண்டையில மாட்டிக்கிச்சு. இந்த ஜன்னலைப் பாருங்க சார். இங்க மெஷினைப் போட்டா இவ பல்பே போட வேண்டாம். ஊரே உடுத்துற துணியை இருட்டுல உட்கார்ந்து தைக்கிறா சார். ஒருநாள்கூட என்கிட்ட முகம் சுளிச்சதில்ல. இவ இந்த வெளிச்சத்துல உட்கார்ந்திருக்கிறதை நான் பார்க்கணும். வேற எதுவும் வேண்டாம்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனது.

"அப்போ அத்தனை இருமலும்?" என்றார் நடுவர்.

"பாராட்டு சார்!"

நடுவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, "ரிப்பேருக்கு ஆகிற செலவை விலையில கழிச்சுக்குங்க. அதுதான் நியாயம். சாவி உங்களுக்குத்தான்" என்றார். பேரம் பேச மனைவி மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது கடைக்காரர் வாயே திறக்கவில்லை. தெருமுனையில் அவள் நின்றாள்.

"என்ன, பேச்சையே காணோம்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ சொல்ல வந்தது. இருமினார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரையும் வாய்விட்டுப் புகழ்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. அவளும் மெதுவாக ஒரு தடவை இருமினாள்.